ஏச்சு வாங்கிய பசளி

எனக்குக் கைராசி இல்லை என்பது எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் தெரிந்த சங்கதி. வெண்டி நட்டால் பூச்சி விழும். கத்தரி நட்டால் ஒரு வெயிலுக்கே தலையைத் தொங்கப் போடும். பக்கத்து வளவு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"கையில என்ன பிழை? உன்ட குணத்திலதான் பிழை புள்ள," என்பார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "எல்லாத்தையும் கேட்டு வாங்கி நடுறாய். கேட்டு வாங்கின பசளி எங்கயாச்சும் தழைச்சிரிக்கா?"

இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டு வாங்குவது ஒரு குற்றமா?

ஆனால் எங்கள் ஒழுங்கையில் அது குற்றம்தான். கறிவேப்பிலைக் கன்று, கற்பூரவள்ளித் தடி, பசளிக் கீரைத் தண்டு, எதுவானாலும் களவெடுத்து நட்டால்தான் தழைக்கும் என்பது அங்கே எழுதாத சட்டம். திருகோணமலை நகரத்தின் ஓரத்தில், துறைமுகத்து வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் நிறைய இருந்த ஒழுங்கை அது. சைவக்காரர், முஸ்லிம்கள், வேதக்காரர் என்று எல்லாரும் கலந்திருந்தோம். மற்ற எந்த விஷயத்தில் முட்டிக்கொண்டாலும், களவெடுத்த தண்டு விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி. அதற்கு ஒரு முறையும் இருந்தது. கள்ளி வருகிற நேரம் வீட்டுக்காரி குசினிக்குள் ஏதோ சமையல் வேலையாகப் போய்விட வேண்டும். கள்ளி போன பிறகு வெளியே வந்து, வெட்டின இடத்தைப் பார்த்து, ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்க ஏச வேண்டும். ஏச்சு எவ்வளவு பலமோ, தண்டு அவ்வளவு பலமாக வேர் பிடிக்கும். வீட்டுக்காரி ஏசாமல் விட்டாள் என்றால்தான் பயப்பட வேண்டும். அவளுக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் கலியாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்தவள். கோயில் வாசலில் விழுந்து கிடந்த மாங்காயைப் பொறுக்கியதற்கே என் தொடையைத் திருகிய தகப்பனுக்குப் பிறந்தவள். களவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தொடை வலிக்கும். "எனக்கு ஏலாது ராத்தா, நீங்கள் ஒரு தண்டை வெட்டித் தாங்கோ" என்று கேட்பேன். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டித் தருவார். நான் கிணற்றடியில் நடுவேன். அது கறுத்து அழுகிப் போகும். உப்புத் தண்ணீரில் எது வரும் என்று நான் கிணற்றைத் திட்டுவேன். அவருடைய கிணற்றுக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அங்கே பசளி பந்தல் போட்டுப் படர்ந்து கிடக்கும்.

ராத்தா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். குடாவுக்கு அந்தப் பக்கம், முஸ்லிம்கள் நிறைந்த கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளையும் திரும்பக் கிண்ணியாவிலேயே கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டில் அவரும் கணவரும் மட்டும். அந்தப் பசளிக் கொடி அவருடைய உம்மா வீட்டிலிருந்து வந்தது. சிவப்புத் தண்டு, வெற்றிலை அகலத்துக்குச் சதைப்பிடிப்பான இலை, மிளகுக்குக் கொஞ்சம் பெரிதாகக் கறுத்த பழம். உம்மா வீட்டிலிருந்தே களவெடுத்து வந்ததாகப் பெருமையாகச் சொல்வார்.

அந்த வருஷம் நான் இரண்டாம் முறை பிள்ளைத்தாச்சி. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில், ஒரு பகல் வேளை, குசினியில் நின்ற நிலையிலேயே இரத்தமாகப் போனது. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கண் வெள்ளைக் கடதாசி மாதிரிக் கிடக்கு? துளி இரத்தம் இல்லை."

"இரும்புக் குளிசை போட்டால் சத்தி வருகுது மிஸ், சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்திடுது."

"சத்தி வந்தாலும் போடும். அதுவும் இனி எப்ப வருமோ தெரியாது, முடியப் போகுது. கீரை சாப்பிடும். ஒவ்வொரு நாளும் சாப்பிட வேணும். இரத்தம் ஏறாட்டி உம்மை இஞ்ச வைச்சிருக்க மாட்டினம். கண்டிக்கோ அநுராதபுரத்துக்கோதான் அனுப்புவினம்."

அந்தச் சண்டைக் காலத்து வீதியைத் தெரிந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸில் ஏறுவதை விட இறங்குவதுதான் அதிகம். இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, திறந்து காட்டி, நடந்து போய், மறுபடியும் ஏற வேண்டும். கொஞ்சத் தூரம் போக அடுத்த தடை. சில நாள் பாதி வழியில் வீதியையே மூடிவிடுவார்கள். காட்டுக்கு நடுவில் பஸ் நிற்கும். அந்த வீதியில், நிறை வயிற்றோடு, முதல் தடவை போல ஏதாவது ஆகிவிட்டால்? நான் கிளினிக்கிலிருந்து வீடு வரைக்கும் அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கீரை சாப்பிடு என்று சொல்வது சுகம். கீரைக்கு எங்கே போவது? உள்ளூர்க் கிராமங்களிலிருந்து சந்தைக்கு வருகிற மரக்கறி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் வெயிலில் வதங்கி, மாட்டுக்குப் போடுகிற கோலத்தில் இருக்கும். எங்கள் வளவில் ஒரு நல்ல முருங்கை நின்றது. சந்தியில் இருந்த சென்றி என்கிற இராணுவக் காவலரணுக்கு மறைக்கிறது என்று ஆமி சொல்லி, வீதியோரத்து மரங்களோடு அதையும் தறித்துப் போட்டார்கள். அடிமரத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு என் கணவர் என் வாயைப் பொத்தி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

ராத்தா வேலிக்கு மேலால் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி பசளி தந்தார். கச்சான் என்கிற வறண்ட சுடுகாற்று வீசுகிற காலம். கொடி இலை சிறுத்து, தண்டு தெரியத் தொடங்கியது. அவர் தன் சட்டிக்கு ஒன்றும் எடுக்காமல் எனக்குக் கிள்ளித் தருகிறார் என்று எனக்கு விளங்கியது. வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேணாமெண்டு சொல்ல நீ ஆரு? அது வயித்தில இரிக்கிறவருக்கு. ஆனா ஒண்டு சொல்றன் கேளு. நாங்க எத்தின நாளைக்கு இங்க இரிப்பமோ ஆருக்குத் தெரியும்? மூத்தவ ஒவ்வொரு கிழமையும் ஆள் அனுப்பிக் கூப்பிடுறா. உன்ட வளவில உன்ட கொடி நிக்க வேணும். ஒழுங்கா வந்து களவெடு."

"ராத்தா, களவெடுத்தால்தான் வருமெண்டது விசர்க்கதை."

"விசரோ என்னவோ. நீ கேட்டு வாங்கி நட்டது ஒண்டாவது வந்திச்சா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற மனிதர். ஆளைப் பார்த்தால் மலை மாதிரி. அவர் உடனே, "நான் போய்க் களவெடுக்கிறன், நீர் இரும்" என்றார். "நீங்கள் வேலிப் பொட்டுக்குள்ள பூந்தால் வேலி முழுக்க உங்களோட வரும்" என்றேன். பொட்டு என்பது வேலியில் ஆள் புகுந்து போக விட்டிருக்கிற இடைவெளி. அதற்குள் புகக்கூடிய உடம்பு எங்கள் வீட்டில் என்னுடையதுதான். அதுவும் வயிறு இன்னும் பெருக்க முன்னம்.

ஒரு நாள் மத்தியானம், அடுப்பை அணைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வருகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் குரல் நாடகத்தில் பேசுவது போலக் கேட்டது.

"நான் தொழப் போறன்! இப்போதைக்கு வெளிய வரமாட்டன்! கதவையும் சாத்துறன்!"

சாத்தினார். சாத்திய சத்தம் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு முகம் சுட்டது. ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு. முருகா, என்னை மன்னிச்சுக்கொள் என்று சொல்லிக்கொண்டு பொட்டுக்குள் புகுந்தேன். அந்தப் பக்கம் போவது சுகமாகத்தான் இருந்தது. பந்தலடியில் நின்று நல்ல முற்றல் தண்டாக ஒன்றைத் தேடினேன். கத்தி கொண்டுவர மறந்துவிட்டேன். நகத்தால் நெரித்து, முறுக்கி, ஒரு முழத் தண்டை இழுத்தெடுத்தேன். அதில் இலை மட்டுமில்லை, பழமும் கொத்தாகக் கிடந்தது. உதிர்த்துவிட்டு வர வேண்டும் என்ற புத்தி வரவில்லை. சுருட்டி, சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கி, பாவாடைக் கட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்பினேன்.

களவோடு திரும்புகிறவளின் வயிறு பெரிதாகிவிடும் போல இருக்கிறது. பக்கவாட்டாகப் பொட்டுக்குள் பாதி புகுந்தேன், பிறகு முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்று முதுகில் குத்திக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ராத்தாவின் கதவு திறந்தது. நான் போய்விட்டேன் என்று நினைத்து அவர் தன் கடமையைத் தொடங்கினார்.

"அடியேய்! எவடி அவ! என்ட பசளியில கை வெச்ச கள்ளி எவடி! கள்ளி! கள்ளி! என்ட உம்மா ஊட்டுக் கொடியடி அது! உன்ட கையில கட்டை முளைக்க!"

என்ன குரல் அது! கடலில் நிற்கிற கப்பலுக்கே கேட்டிருக்கும். கப்பலுக்குக் கேட்டதோ தெரியாது, சந்தியில் நின்ற சென்றிக்குக் கேட்டது. அங்கே நிற்கிற ஆமிக்காரருக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தமிழில் கள்ளன் என்ற சொல் நிச்சயம் உண்டு. தடதடவென்று சப்பாத்துச் சத்தம். ராத்தாவின் வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு ஒருவன் துவக்கோடு வந்து நின்றான். மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன்.

"கோ? கள்ளன் கோ?" என்று கேட்டான். எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறான்.

ராத்தா வாயைத் திறந்தபடி நின்றார். கள்ளி இல்லை என்றால் அவர் கத்தினது பொய் என்றாகும். நான்தான் கள்ளி என்றால் அவன் என்ன செய்வானோ. நான் தந்தேன் என்றால் தண்டு பிடிக்காது! அந்த இடத்திலும் அந்த மனுஷிக்குத் தண்டைப் பற்றிய யோசனை வந்தது என்று பிறகு தானே ஒத்துக்கொண்டார். "சும்மா, சும்மா" என்று கையை ஆட்டினார். அதற்குள் அவன் என்னைக் கண்டுவிட்டான்.

வேலிக்கு நடுவில் சிக்கி நிற்கிற ஒரு பிள்ளைத்தாச்சியை அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். துவக்கைக் கீழே இறக்கினான். பிறகு என் வயிற்றைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போனது.

"லே! லே!" என்று கத்தினான்.

நகரத்தில் இருக்கிற எங்களுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். இரத்தம் என்கிறான்.

நான் குனிந்து பார்த்தேன். இளமஞ்சள் சட்டையில், வயிற்றின் அடிப்பக்கம், கையகலத்துக்குச் சிவப்பு. ஈரமாக, பரவிக்கொண்டு இருந்தது. என் கண் முன்னால் பெரிதாகிக்கொண்டிருந்தது.

நான் நினைத்தது ஒன்றுதான். திரும்பவும் போய்விட்டது. அதே ஆறாம் மாதம். அதே பகல் வேளை. வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு ஒரு சத்தம் வரவில்லை. வேலி என்னைப் பிடித்துக்கொண்டிருந்தபடியால்தான் விழாமல் நின்றேன். ஐயோ பிள்ளை, ஐயோ பிள்ளை என்று உள்ளுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆமிக்காரன் சட்டைப் பையிலிருந்து காயத்துக்குக் கட்டுகிற பண்டேஜ் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்தான். கிழித்துவிட்டு எங்கே கட்டுவது என்று தெரியாமல் நின்றான். ராத்தா ஓடி வந்தார். "அல்லாஹ்வே, அல்லாஹ்வே" என்று சொல்லிக்கொண்டு ஒரு கதியாலைப் பிடுங்கி எறிந்தார். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. என்னைத் தன் பக்கம் இழுத்து நிலத்தில் இருத்தினார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். விரலால் தொட்டார், மணந்தார். பிறகு, என் தலையிலடித்துச் சொல்லலாம், விரலை நக்கினார்.

"அடி கள்ளி!" என்றார். "பழத்தோடயா வெட்டினாய்?"

பசளிப் பழம். நசுங்கின பசளிப் பழத்தின் சாயம். பாவாடைக் கட்டுக்குள் செருகின கொத்து, வேலியில் நெரிந்து, சட்டை முழுக்க ஊறிவிட்டது.

நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறிவிட்டது. ராத்தா என் தலையைத் தன் தோளில் வைத்து அமத்திக்கொண்டு அவரும் அழுதார். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, அவரு உள்ளுக்கு இரிக்கிறாரு" என்று என் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பொல்லாத பிள்ளை அப்போது பார்த்து உதைத்தது. ராத்தாவின் உள்ளங்கையில் நேரே உதைத்தது. அவர் கையை எடுக்கவேயில்லை.

ஆமிக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழித்த பண்டேஜோடு நின்றான். ராத்தா பந்தலிலிருந்து ஒரு பழத்தைப் பிடுங்கி, அவனுடைய கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டினார். அவன் தன் கையைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். துவக்கு வைத்திருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருகிற ஆத்திரம் அன்றைக்கு அவன்மேல் வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

அவன் போன பிறகு ராத்தா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டையும் காணல்ல. கெதியாக் கொண்டு போய் நடு."

தண்டை மூன்று துண்டாக முறித்து நட்டேன். இந்த முறை கிணற்றடியில் இல்லை. அரிசி கழுவின தண்ணீர் போய் விழுகிற குசினி மூலையில், சாய்வாக, கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, மேலே தென்னோலை சாத்தினேன். ராத்தா வேலிக்கு அப்பால் நின்று ஆரிடமோ சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். "கள்ளிகள் நடக்குள்ள இலையக் கிள்ளிப் போடுவாளுகள். கள்ளிகள் மீன் கழுவின தண்ணி இருந்தா ஊத்துவாளுகள்." கடலுக்குப் போக விடாத நாட்களில் மீன் எங்கே, மீன் கழுவின தண்ணீர் எங்கே. அரிசித் தண்ணீரை ஊற்றினேன். தளிர் வந்தது. முதல் தளிரைக் கண்ட காலையில் நான் போட்ட கூச்சலுக்கு என் கணவர் சவர்க்காரம் பூசின முகத்தோடு ஓடி வந்தார்.

"ஆமியே ஓடி வர வாங்கின ஏச்சு," என்றார் ராத்தா. "இது தழைக்காட்டி வேற என்னதான் தழைக்கும்?"

பிறகு அது தழைத்த தழைப்பு! நுனியை நகத்தால் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு தளிர் விட்டது. கத்தி வைக்கக் கூடாது, இலையை மட்டும் பிய்க்கவும் கூடாது, கணுவுக்கு மேலே நுனியோடு கிள்ள வேண்டும். விடிந்ததும் பனி காயமுன்னம் கிள்ளினால் இலை நொறுங்கும் பதத்தில் இருக்கும். பருப்போடு போட்டுக் கடைந்தேன். தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்டினேன். பாலை விட்டுச் சொதி வைத்தேன். என் கணவருக்கு அந்த வழுவழுப்புப் பிடிக்காது. "இது என்னப்பா, தானாத் தொண்டைக்குள்ள ஓடுது" என்பார். பிடிக்காதவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் மிச்சம் விடுகிறேனா என்று. மருத்துவிச்சி அம்மா என் இமையை இழுத்துப் பார்த்து, "ம், கொஞ்சம் சிவக்குது" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை ராத்தாவுக்குச் சொல்லலாம் என்று வந்தால், ராத்தா இல்லை.

தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் பொல்லாத கதைகள் ஓடத் தொடங்கின காலம். அங்கே செத்தது இத்தனை பேராம், இங்கே இத்தனை பேராம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கதை வந்தது. கடைத்தெருவில் தையல் கடை பூட்டினபடி கிடந்தது. நான் கிளினிக்குக்குப் போயிருந்த நேரம் ராத்தாவும் கணவரும் ஒரு பெட்டியோடு புறப்பட்டு, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. வேலிப் பொட்டில் புதிதாக ஒரு கதியால் நட்டு, குறுக்கே தடி வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்குப் பயந்தா கட்டினீர்கள், ராத்தா? கோபம் கோபமாக வந்தது. அழுதேன்.

ஆள் இல்லாத வீடு என்றால் தெரியும்தானே. முதலில் வீதிப்பக்கத்து வேலிக் கதியால்கள் விறகுக்குப் போயின. பிறகு ஆடு வந்தது. நான் இந்தப் பக்கம் நின்று கல்லெறிந்து கத்துவேன். ஆடு என்னைப் பார்த்துக்கொண்டே பசளியைச் சப்பும். பந்தலை இழுத்து விழுத்தி, வேர் வரைக்கும் தின்று முடித்தன. பிறகு கூரை ஓடு. ஒவ்வொரு வரிசையாகக் குறைந்தது. ஆர் கழற்றினது என்று கேட்காதீர்கள். ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும், கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் பெயரைச் சொல்லியே ஏசினேன். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்று என் கணவர் கெஞ்சினார்.

மகள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாள். வீதித் தடை ஒன்றையும் பார்க்காமல் பிறந்தாள். நல்ல நிறை, நல்ல தொண்டை. தொண்டை என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் சிரித்தார்கள். அவளை முதல் தடவை கையில் வாங்கினபோது எனக்கு ராத்தாவின் உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது.

மாரி மழை கழிந்து, பிள்ளை குப்புறப் பிரளத் தொடங்கின நேரம், ஒரு பின்னேரம் பக்கத்து வளவில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. ராத்தா! மெலிந்துபோயிருந்தார். கணவர் ஓடு போன கூரையில் தென்னோலைக் கிடுகு போட்டுக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடினேன். ராத்தா என்னைக் கண்டார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அவருடைய ஓடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது போன நேரம் பக்கத்து வீட்டில் நான் இருந்தேன் என்றும் தெரியும். ஒரு கட்டுப் பசளி கிள்ளி என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். "பெரிய உபகாரம் எண்டு சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லியனுப்பினாராம். உபகாரமா? அந்நியருக்குச் சொல்வது போல ராத்தா எனக்கு நன்றி சொல்வதா! அந்தச் சொல் எனக்கு ஏச்சை விடப் பொல்லாததாக இருந்தது.

"நீர் போய்க் கதையுமன்," என்றார் என் கணவர்.

"ஏன் நான் போக வேணும்? அவ வந்து பிள்ளையைப் பார்க்கட்டும். அவவின்ர பசளியில வந்த பிள்ளை. இன்னும் ஒருக்கா எட்டிப் பார்க்கேல்லை."

சொல்லிவிட்டு நான் அழுததை அவர் காணாதது போல இருந்தார். நல்ல மனிதர்.

ஒரு நாள் காலை நன்றாக விடிந்த பிறகு, பசளி கிள்ள வேலியடிக்குப் போனேன். அப்போது கொடி குசினி மூலையிலிருந்து வேலி முழுக்கப் படர்ந்திருந்தது. கை வைக்கப் போனவள் நின்றேன். நடுவில் ஒரு நல்ல முற்றல் தண்டு இல்லை. முறித்த இடத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. கத்தி வைத்து வெட்டினதில்லை, நகத்தால் நெரித்து முறுக்கி எடுத்தது. கீழே மண்ணில் பழம் உதிர்ந்து கிடந்தது. வேலிப் பொட்டின் கயிறு அவிழ்ந்து தொங்கியது.

நான் அந்த முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தேன்.

"ஆரடி அவள்!" என்று தொடங்கினேன். "ஆரடி என்ர பசளியில கைவைச்ச கள்ளி! கள்ளி! கள்ளி! என்ர பிள்ளைக்கு இரத்தம் தந்த கொடியடி அது! ஆமியைக் கூட்டிக்கொண்டு வந்து நட்ட கொடியடி! இத்தனை மாசமா எங்கயடி போயிருந்தனீ! சொல்லாமல் போனவளுக்கு என்ர பசளி கேக்குதோ! உன்ர கையில கட்டை முளைக்க! உன்ர வளவு முழுக்கப் பசளி முளைக்க!"

குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலோடும் ஏசினேன். ஒழுங்கையில் படலைகள் திறந்தன. ஓடு கழற்றிக்கொண்டு போனவர்களின் வீட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூச்செடுக்க ஒரு நிமிஷம் நிறுத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டது.

"கத்தாத புள்ள. ஆமி வந்திரும்."

பொட்டுக்குள்ளால் இரண்டு கை நீண்டன. விரலெல்லாம் மண், உள்ளங்கையெல்லாம் பசளிப் பழச் சாயம்.

"கொண்டா அவள இங்க," என்றார் ராத்தா.

கொடுத்தேன். அவர் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "பாத்தியா, உள்ளுக்குத்தான் இரிந்திரிக்கிறா" என்று சொல்லி அழுதார். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில், முதுகுப் பக்கம், ஒரு உள்ளங்கை அப்படியே சிவப்பாகப் பதிந்துபோனது. எத்தனை தரம் தோய்த்தும் அது போகவில்லை. நானும் ஒரு அளவுக்கு மேல் தேய்க்கவில்லை.